கொட்டகையில் நிற்கும் 1967 மஸ்டாங்கை முதல் புராஜெக்ட்டாக எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறார். பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் கொட்டகையில் 1967 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே (இரண்டு கதவு, டிக்கி தனியாகத் தெரியும் வகை) ஒன்று, 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினோடு, பல வருடமாக ஓடாமல் நிற்கிறது. அவர் விற்கத் தயார். கேட்டவர் இதுவரை ஆயில் மாற்றியிருக்கிறார், பிரேக் பேட் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். 14 வயது மகனோடு சேர்ந்து வண்டியை முழுக்கப் பிரித்துப் புதிதாக்க ஆசை. வாங்கலாமா, எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?

வாங்கலாம். ஆனால் "முழுக்கப் பிரித்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பழைய வண்டி விளம்பரங்களைக் கொஞ்ச நேரம் புரட்டினால் தெரியும், பாதியில் நின்ற வண்டிகள்தான் அதிகம், "பாகங்கள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன" என்ற ஒரு வரியோடு. முதல் மாதத்திலேயே உற்சாகத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள், கழற்றுவது எளிது, வேகமாகவும் நடக்கும். அப்புறம் ஒரு குளிர்காலம் போகும், எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும், வேலை மாறும், வீடு மாறும், வண்டி பெட்டிகளாகவே விலை போகும். உங்களுக்கு நான் சொல்வது வேறு வரிசை. முதலில் வண்டி நிற்க வேண்டும், அதாவது பிரேக். அடுத்து ஓட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு பகுதி என்று எடுத்துச் செய்து, கோடையில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற வண்டியை யாரும் பாதியில் விடுவதில்லை.

வண்டித் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டிப்பானவர்கள் மஸ்டாங்கை மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்) என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1964இல் பான்டியாக் கம்பெனி தன் நடுத்தர அளவு டெம்பஸ்ட் வண்டிக்குள் 389 கன அங்குல வி8-ஐ இறக்கி ஜிடிஓ என்று விற்றதே, அந்த வகைதான் மசில் கார், மஸ்டாங் 'போனி கார்' என்பார்கள். 1967இல்தான் மஸ்டாங்கின் முன்பக்கத்தை அகலப்படுத்தி 390 பெரிய இன்ஜின் போகும்படி செய்தார்கள், அதை மசில் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். உங்களுடையது இரட்டை பேரல் (இரண்டு காற்றுவழி) கார்புரேட்டர் வைத்த சாதாரண 289 ஆக இருந்தால் அதன் அறிவிக்கப்பட்ட திறன் 200 குதிரைத்திறன். அதுவும் அந்தக் காலத்துக் கணக்கு. வண்டியில் பொருத்தாமல் இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்தது. 1972 மாடல்களில்தான் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்து நிகரத் திறனைச் சொல்லும் வழக்கத்துக்கு வந்தார்கள். ஆகவே இன்றைய குடும்ப காரைத் தூக்கிச் சாப்பிடும் வேகத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். சத்தமும் முழங்கால் வரை வரும் அதிர்வும் வேறு எதிலும் கிடைக்காது, அது நிச்சயம்.

முதல் முறை செய்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம் என்றே நினைக்கிறேன். காரணம் எண்ணிக்கை. 1967 மாடலில் மட்டும் 4,72,121 மஸ்டாங் செய்தார்கள், அதில் 3,56,271 உங்களுடையது போன்ற கூப்பே. இவ்வளவு பேர் வைத்திருந்ததால் தரைத் தகட்டிலிருந்து கதவு ரப்பர் வரை இன்றும் புதிதாகச் செய்து கேட்லாக் போட்டு விற்கிறார்கள், சில வகைகளுக்குப் பாடியின் வெளிக்கூடே முழுசாகக் கிடைக்கிறது. அடிப்படை அமைப்பும் ஃபோர்டு ஃபால்கன் என்ற மலிவான சின்னக் காரிலிருந்து எடுத்தது, சிக்கலே இல்லாத வேலை. இதே ஆர்வத்தில் ஒருவர் அபூர்வமான மெர்குரியோ அம்பாசடரோ (நம் ஊர் அம்பாசடர் இல்லை, அமெரிக்க ஏஎம்சி கம்பெனியுடையது) வாங்கினால் ஒரு டெயில் லைட் மூடிக்காக வருடக்கணக்கில் தேடவேண்டி வரும்.

சரி, கொட்டகைக்குப் போகும்போது என்ன பார்ப்பது? இன்ஜினைப் பார்க்காதீர்கள். மன்னிக்கவும், கடைசியில் பாருங்கள். இன்ஜின் ஜாம் ஆகியிருந்தாலும் வேறு 289-ஓ 302-ஓ வாங்கிப் போட்டுவிடலாம். துருதான் வண்டியைக் கொல்லும், அதுவும் ஒஹாயோவில். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அடித்தகட்டுக்குள் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் தின்றிருக்கும். மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிக்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாக வெல்டு அடித்த அமைப்பு, ஆகவே தகடு போனால் வண்டியின் எலும்பே போன மாதிரி.

முதலில் கௌல். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் காற்று உள்ளே போக வரிவரியாகத் துளைகள் வைத்த ஒரு பகுதி இருக்கிறதே, அதுதான். அதன் கீழே ஒரு பெட்டி மாதிரி அறை, அதில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரம் பிடித்து உள்ளிருந்தே ஓட்டை விழும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைத் துளைகளில் ஊற்றுங்கள், மகனை டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுக்கச் சொல்லுங்கள். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் கௌல் போய்விட்டது என்று அர்த்தம். சரிசெய்ய முடியாதது இல்லை, ஆனால் பானெட், முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) எல்லாம் கழற்றி, ஏகப்பட்ட ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, மேல்தகட்டைப் பிரித்துத்தான் உள்ளே போக முடியும். முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டாம். ஆனால் விலையில் அதைக் கண்டிப்பாகக் கழித்துக்கொள்ளுங்கள், கௌல் ஒழுகினால் தரைத்தகடும் போயிருக்கும்.

அடுத்து வண்டிக்கு அடியில். முன் சட்டமும் தரையும் சேரும் இடத்தில் இருக்கும் டார்க் பாக்ஸ் என்ற இரும்புப் பெட்டி, பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள வலதுபக்க முன் சட்டம் (பேட்டரி அமிலம் சொட்டிச் சொட்டி அரித்திருக்கும்), பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், டிக்கித் தரையின் இரு ஓரம், பின்சக்கரத்துக்குப் பின்னால் குவார்ட்டர் பேனல் என்ற பின்பக்க ஓரத்தகட்டின் கீழ்ப்பகுதி. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. நல்ல இரும்பு டங் என்று சொல்லும், அழுகியது பொதுக்கென்று உள்ளே போகும். முன்சக்கர ஷாக் டவரில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உட்காரும் தூண்) விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளித்தகட்டில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கள், எங்கே பிடிமானம் குறைகிறதோ அங்கே பெயிண்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவைக் கொஞ்சம் தூக்கித் திறந்து மூடிப் பாருங்கள், வண்டி நடுவில் தொய்ந்திருந்தால் கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருக்கும்.

தரைத்தகடு, டிக்கி ஓரம், குவார்ட்டர் கீழ்ப்பகுதி போயிருந்தால் வாங்கலாம், அவை கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. முன் சட்டமும் டார்க் பாக்ஸும் பின் சட்டமும் சேர்ந்து போயிருந்தால், விவசாயி இலவசமாகக் கொடுத்தாலும் முதல் புராஜெக்ட்டாக எடுக்காதீர்கள். கலிஃபோர்னியா, அரிசோனா மாதிரி உலர்ந்த இடத்திலிருந்து துரு இல்லாத ஒன்றை அதிக விலை கொடுத்து லாரியில் வரவழைப்பதே மலிவாக முடியும். இதை நம்ப மனது வராது, தெரியும். ஆனாலும் தகட்டு வேலையின் மணிநேரங்களை ஒருமுறை கூட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள்.

ஆவணம். டிரைவர் பக்கத்து முன் ஃபெண்டருக்கு உள்ளே, பானெட்டைத் திறந்தால் தெரியும் ஓரத்தகட்டில் வண்டி எண் அடித்திருக்கும். முதல் எழுத்து 7 என்றால் 1967. இரண்டாவது ஆங்கில எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் நியூஜெர்சியில் மெட்டுச்சன். அடுத்து 01 என்றால் கூப்பே. அதற்கடுத்த எழுத்து இன்ஜின்: சி என்றால் இரட்டை பேரல் 289, ஏ என்றால் நான்கு பேரல் 289, டி (T) என்றால் ஆறு சிலிண்டர். இது முக்கியம், ஏனென்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்து பிற்பாடு வி8 பொருத்தப்பட்ட வண்டிகள் நிறைய உண்டு. சக்கரத்தைப் பார்த்தே ஒரு குறிப்பு கிடைக்கும், ஆறு சிலிண்டருக்கு நான்கு நட்டு, வி8-க்கு ஐந்து நட்டு. நான்கு நட்டு சக்கரத்தோடு வி8 இருந்தால் பிரேக்கும் பின் ஆக்ஸிலும் வலு குறைந்தவை, அவற்றை மாற்றும் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஃபெண்டரில் உள்ள எண்ணும் டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒஹாயோவில் விற்பவர் டைட்டிலில் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், ஆகவே பணம் கைமாறும் அன்றே இருவரும் சேர்ந்து கவுன்ட்டி டைட்டில் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். "டைட்டில் எங்கேயோ இருக்கிறது, அப்புறம் தேடித் தருகிறேன்" என்றால், அவர் தேடி எடுக்கும் வரை காத்திருங்கள். 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம், உங்கள் எண்ணுள்ள வண்டி என்ன நிறத்தில், என்னென்ன வசதியோடு வெளியே வந்தது என்று ஃபோர்டின் தயாரிப்புப் பதிவிலிருந்து எடுத்துத் தருவார்கள். காசு கொடுக்கத் தகுந்தது.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை பிரேக், இன்ஜின் இல்லை. எல்லோருக்கும் சாவியைத் திருகி சத்தம் கேட்க ஆசை, ஆனால் ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்த முடியாவிட்டால் கராஜ் சுவர்தான் நிறுத்தும். நல்லவேளை, 1967 மாடலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது, முன்னும் பின்னும் தனித்தனி. 1966 வரை ஒரே சுற்று, ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். உங்களுடையதில் மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்று, பிரேக் ஷூ, இரும்புக் குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், எதையும் "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று விடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நின்ற வண்டியில் அந்த ஈரம் உள்ளேயே துருவாக மாறியிருக்கும். குழாய்களை அளவெடுத்து வளைத்தே விற்கிறார்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், ஏர் கன்னால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள். முன்பக்கம் டிஸ்க் பிரேக்காக மாற்றும் செட் கிடைக்கிறது, பணம் இருந்தால் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தயங்காமல் செய்யலாம். டயரைப் பாருங்கள், பக்கவாட்டில் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர், ரோட்டில் போகவே கூடாது.

வண்டிக்கு அடியில் போகும் முன் நல்ல ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் ஒருநாள் "ஒரு நிமிஷம்தானே" என்று போவார்கள். மகன் கூட இருக்கிறான் என்பதால் உங்கள் வீட்டில் இது சட்டமாகவே இருக்கட்டும்.

இப்போது இன்ஜின். பல வருடம் நின்ற இன்ஜினை நேராக செல்ஃப் அடிக்கக் கூடாது. சிலிண்டர் சுவரில் துரு இருந்தால் ரிங் உடையும். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில், அதாவது ATF, போதும்) சில நாள் அப்படியே விடுங்கள். பிறகு முன்னால் கிராங்க் போல்ட்டில் 15/16 அங்குல சாக்கெட் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். சுற்றினால் பாதி வெற்றி. நகரவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை. முழுச் சுற்று வந்தபின் பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். அதன் பின்னும் செல்ஃப் அடிக்க வேண்டாம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி (அதனுள் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கழற்றும் முன் பெயிண்டால் குறித்துவிடுங்கள்), ஆயில் பம்ப் தண்டின் தலையில் கால் அங்குல சாக்கெட்டை டிரில் மெஷினில் மாட்டி, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுங்கள். டிரில் திடீரென்று கனக்கும், அப்போது ஆயில் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். சாக்கெட்டை டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள், இன்ஜினுக்குள் விழுந்தால் அடியிலுள்ள ஆயில் சம்பைக் கழற்ற வேண்டிவரும்.

பெட்ரோல். டேங்கில் இருப்பது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். டேங்கையே கழற்றுங்கள், டிக்கிக்கு உள்ளிருந்து போல்ட் எடுத்தால் மேலே தூக்கிவிடலாம், இந்த வண்டியில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கித் தரை. உள்ளே துரு இருந்தால் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், புது டேங்க் கிடைக்கிறது. ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றியே ஆக வேண்டும், இன்று பம்பில் வருவது 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 1967இன் ரப்பரை அது தின்றுவிடும், சூடான இன்ஜின் மேல் சொட்டினால் வண்டியும் கராஜும் சேர்ந்து எரியும். இப்போதைய எரிபொருளுக்கு ஏற்றது என்று குறித்த ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இல்லாமல் முதல் ஸ்டார்ட் கிடையாது.

கார்புரேட்டர் ஆட்டோலைட் 2100, எளிய நல்ல கார்புரேட்டர். ரிப்பேர் கிட் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம். பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டர், கேப், பிளக், வயர் எல்லாம் புதிது. ஊரில் அம்பாசடர், பத்மினி காலத்து மெக்கானிக் கடையில் நின்று வேடிக்கை பார்த்தவர் என்றால் இந்தச் சொற்களெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை, வேலையும் அதேதான், எட்டு சிலிண்டர் என்பது மட்டும் வித்தியாசம். வெடிக்கும் வரிசை 1-5-4-2-6-3-7-8. பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. ஷெவர்லே ஆட்கள் சொல்லும் வரிசையை இதில் போட்டால் ஓடாது, அவர்களுடையது 1-8-4-3-6-5-7-2. டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) 6 டிகிரி முன்னதாக வைத்துத் தொடங்குங்கள். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இக்னிஷனுக்கு வரும் பிங்க் நிற வயர் மின்னழுத்தத்தைக் குறைக்கும் தடை வயர் என்பதை மறக்காதீர்கள், மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

ஓடியது, சூடாகியது, ஒழுகவில்லை என்றால் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள அழுத்தம்) அளந்து பாருங்கள். எட்டு சிலிண்டரில் மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் இந்த இன்ஜினை இப்போது பிரிக்கத் தேவையில்லை. கொஞ்சம் புகை, கொஞ்சம் ஆயில் கசிவு, இருக்கட்டும். ரீபோர், கிராங்க் கிரைண்டிங் என்று மெஷின் ஷாப்புக்குப் போனால் பல ஆயிரம் டாலர் போகும், அந்தப் பணத்தைப் பாடிக்கு வையுங்கள். பிறகு எப்போதாவது ஹெட் கழற்றினால் அப்போது எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் போட்டுவிடுங்கள், அந்தக் காலத்துப் பெட்ரோலில் இருந்த ஈயம்தான் வால்வு சீட்டைக் காப்பாற்றியது. புது கேம் ஷாஃப்ட் போட்டால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பழைய மாதிரி தட்டை டேப்பெட் கேமுக்குத் துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் வேண்டும், முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடமாவது ஓட வேண்டும். இதைச் செய்யாமல் புது கேமைத் தேய்த்துப் போட்டவர்கள் ஏராளம்.

சஸ்பென்ஷனில் ஒன்றே ஒன்று. முன் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்ம் மீது உட்கார்ந்திருக்கும், அமுங்கிய நிலையில் அது ஆளைக் கொல்லும் வலு உள்ளது. டவருக்கு மேலிருந்து உள்ளே விட்டுப் பிடிக்கும் இந்த வண்டிக்கான கம்ப்ரஸரை வாடகைக்கு எடுங்கள், வெளிப்பக்கம் கொக்கி போடும் சாதாரண கருவி வேண்டாம். அந்த வேலை நடக்கும்போது மகன் கராஜில் இருக்க வேண்டாம்.

வயரிங் 1967இல் போட்டதாகவே இருக்கும். காப்புறை உதிர்ந்தால் முழு ஹார்னஸே (மொத்த வயர்த் தொகுப்பு) வாங்கிவிடுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, நிறுத்தும்போதெல்லாம் அணைத்து வையுங்கள்.

இப்போது டிங்கரிங், உண்மையான வேலை. வெல்டிங் தெரியாது என்றால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு இருக்கிறதா பாருங்கள், ஒரு செமஸ்டர் போதும். வாயு சிலிண்டரோடு கூடிய மிக் (MIG) வெல்டிங் மெஷின், 0.023 அங்குலக் கம்பி, 75-க்கு 25 ஆர்கான் கார்பன் டை ஆக்ஸைடு கலவை, இதுதான் மெல்லிய தகட்டுக்கு. வாயு இல்லாத ஃபிளக்ஸ் கம்பி சூடு அதிகம், மெல்லிய தகட்டில் ஓட்டை போடும். பழைய பானெட்டோ கதவோ ஸ்கிராப்பில் வாங்கி அதை வெட்டி வெட்டி ஒட்டிப் பழகுங்கள், கை நின்றபிறகு மஸ்டாங்கைத் தொடுங்கள். தரைத்தகட்டை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடித்து நிறுத்துங்கள். வண்டியின் வடிவத்தைப் பிடித்திருப்பது தரைத்தகடு, அதை வெட்டினால் வண்டி கொஞ்சம் மடியும், மடிந்த நிலையில் புதுத்தகட்டை ஒட்டிவிட்டால் கதவு பிறகு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். ஒரே இழுப்பாக வெல்டு இழுக்கக் கூடாது. ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு மறுபடி இங்கே. அவசரப்பட்டால் சூட்டில் தகடு அலை அலையாக வளையும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தில் உள்பக்கம் வெல்டு-த்ரூ பிரைமர் அடித்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் அதே இடம் மறுபடி துருப்பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் குளோரின் கலந்த வகை ஒன்று உண்டு. அதைத் தெளித்துத் துடைத்த தகட்டில் வெல்டிங் அடித்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும், கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் போகும். வெல்டு அடிக்கும் இடத்தைச் சுத்தம் செய்ய அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்தபின், டப்பா தூரத்தில் இருக்கட்டும். பழைய பெயிண்டிலும் பாடித் தகடுகளின் இணைப்புகளிலும் ஈயம் இருக்கும், தேய்க்கும்போது சரியான வடிகட்டி மாஸ்க் வேண்டும். மணல் அடித்துத் துருவெடுக்கும் கடையில் பானெட், கூரை மாதிரி பெரிய தட்டைத் தகட்டைக் கொடுக்காதீர்கள், நெளிந்துதான் திரும்பி வரும். சட்டத்துக்கும் அடிப்பாகத்துக்கும் மட்டும் அது சரி.

பெயிண்ட் கடைசி. சிவப்பு வண்டி மனக்கண்ணில் ஓடிக்கொண்டிருக்கும், புரிகிறது, ஆனால் ஓட்டிப் பார்த்துச் சத்தம், ஒழுகல், கதவு இடைவெளி எல்லாம் சரியான பிறகே. வெறும் தகட்டின் மேல் எபாக்சி பிரைமர் அடித்து வைத்தால் பல மாதம் தாங்கும், அதை நீங்களே செய்யலாம். கடினமாக்கி சேர்க்கும் இரண்டு பாக மேல் பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அதற்குச் சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பக் கூடாது, வெளிக்காற்று கொண்டுவரும் கருவி வேண்டும். கடைசிக் கோட்டைக் கடையில் கொடுங்கள். கடையில் மொத்தச் செலவில் பெரும்பங்கு தேய்ப்பு வேலைதான், அதைச் செய்து முடித்துக் கொண்டுபோனால் செலவு நன்றாகக் குறையும்.

எவ்வளவு ஆகும்? நேராகச் சொல்கிறேன், கூப்பே ஒன்றை முழுதாகச் செய்தால் செலவு விற்கும் விலையைத் தாண்டும், உங்கள் உழைப்புக்குக் காசு போடாமலேயே. கடையில் பாடியும் பெயிண்டும் மட்டும் பத்தாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். ஏலத்தில் பெரிய விலைக்குப் போவது ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் வகை), 1967இல் அது 71,042 மட்டுமே செய்தார்கள், அந்த விலையைப் பார்த்துக் கூப்பேக்குக் கணக்குப் போடாதீர்கள். லாபத்துக்காகச் செய்வதென்றால் வேண்டாம். உங்களால் வருடத்துக்கு இவ்வளவு இதில் போட்டுத் திரும்ப எதிர்பார்க்காமல் இருக்க முடியும் என்று ஒரு தொகை எழுதி வையுங்கள், அதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பிரேக்கும் டேங்கும் டயரும் இக்னிஷனும் முதல் வருடத் தொகைக்குள் வந்துவிடும், அதுதான் இந்த வரிசையின் நன்மை. இன்ஷூரன்ஸ் சாதாரண பாலிசியாக எடுக்காதீர்கள், தேய்மானம் கழித்துச் சில்லறைதான் தருவார்கள். பழைய வண்டிகளுக்கென்றே உள்ள கம்பெனிகளில் முன்கூட்டியே மதிப்பை ஒத்துக்கொண்டு எழுதும் பாலிசி கிடைக்கிறது, பிரீமியமும் குறைவு. ஓட்டும் அளவுக்கும் நிறுத்தும் இடத்துக்கும் கட்டுப்பாடு இருக்கும், அவ்வளவுதான். வேலை நடக்க நடக்கப் படமும் ரசீதும் சேர்த்து வைத்து வருடா வருடம் மதிப்பை உயர்த்திக்கொள்ளுங்கள்.

மகனுக்கு என்ன வேலை கொடுப்பது? 14 வயதுக்கு கார்புரேட்டர் சரியான வேலை, மேசையில் உட்கார்ந்து செய்வது, பாகங்கள் சின்னது, செய்து முடித்தவுடன் பலன் காதில் கேட்கும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதும் பொறுப்பு முழுக்க அவனுடையதாக இருக்கட்டும், பெரியவர்களைவிட அந்த வயதில் இதை ஒழுங்காகச் செய்வார்கள். டைமிங் லைட் பிடிப்பது, பிரேக் மிதிப்பது, பாயிண்ட் இடைவெளி வைப்பது எல்லாம் அவனே. வெல்டிங், ஸ்பிரிங், டேங்க் கழற்றுவது மட்டும் நீங்கள். ஒருவேளை அவனுக்கு ஒரு மாதம் ஆர்வம் குறைந்தால் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் தொடர்ந்து செய்துகொண்டிருங்கள். ஓடும் வண்டி என்றால் தானாக வருவான்.

அவனை ஏற்றிக்கொண்டு சாலையில் இறங்கும் முன் இரண்டு வேலை பாக்கி. 1967 வண்டியில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் நிச்சயம், முன் சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானது 1968 ஜனவரியிலிருந்து. மூன்று முனை பெல்ட் செட் தனியாக விற்கிறார்கள், கூரைத் தூணில் பலமான இடம் பார்த்து, பின்தகடு வைத்துப் பொருத்துங்கள். இன்னொன்று, டிக்கித் தரையே பெட்ரோல் டேங்க் என்று சொன்னேன் இல்லையா, அந்த டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் கம்பெனி வைத்தது ஒரு அட்டை மட்டும்தான். பின்னாலிருந்து யாராவது இடித்தால் டேங்குக்கும் சீட்டில் இருப்பவருக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. அங்கே போடுவதற்கென்றே இரும்புத் தகடு கிடைக்கிறது, ஒரு மதிய வேலை. பின் சீட் துணியெல்லாம் மாற்றுவதற்கு முன் அதைப் போட்டுவிடுங்கள், அதுவரை பின் சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.